மேற்படி நாலு மா

அலுவலகக் கடிதம் எழுதுவது எப்படி என்று வகுப்பெடுக்க எங்கள் பழைய இலாகாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்ட கிழவியைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதில் அவர்களுக்கு என்ன ஆசையோ. பாடத்திட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த அதிகாரி மரியாதையான மனிதர். முதலில் திட்டமிடுவது, பிறகு எழுதுவது, பிறகு திருத்துவது என்று மூன்று பகுதி போட்டிருந்தார். முதல் பகுதியின் முதல் வரி, கடிதத்தைப் படிக்கப்போகிறவர் யார் என்று யோசியுங்கள் என்று இருந்தது. அதைப் படித்ததும் தாளை மடித்து அவரிடமே நீட்டினேன். வரியில் தப்பு எதுவும் இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை, அவ்வளவுதான். முட்டிவலி என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

முட்டிவலி பொய். நாலு மா நிலம்தான் காரணம். எங்கள் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். நாலு மா நஞ்சை இருந்தால் ஒரு குடும்பம் யார் வாசலிலும் போய் நிற்காமல் வருடத்தை ஓட்டிவிடலாம். அப்படி ஒரு நாலு மாவை ஒரு மனிதரிடமிருந்து பிடுங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அரிவாள், தடி எதையும் நான் தொடவில்லை. கடிதம் எழுதினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், தஞ்சாவூர் ஜில்லாவில், காவிரியிலிருந்து பிரிந்து ஓடும் ஓர் ஆற்றின் கரையில் இருந்த தாலுகா ஆபீசில் எனக்கு முதல் வேலை. நானும், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் ஓர் அம்மாவும்தான் அங்கே பெண்கள். உள்ளே நுழைந்தாலே புளித்துப்போன மைதாப் பசையின் நாற்றம். மூலைக்கு மூலை வெற்றிலை எச்சில். என் மேலதிகாரியான தலைமை எழுத்தருக்கு வாயில் எப்போதும் வெற்றிலை உண்டு. விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். அவர் கை பட்ட கோப்புகளில் ஒவ்வொரு தாளின் ஓரமும் சிவந்து காய்ந்து கிடக்கும். அவர் திருத்துவதும் சிவப்பு மையில்தான். எது மை, எது எச்சில் என்று பார்த்துத் தொட வேண்டும். நான் வீட்டுக்குப் போனதும் சோற்றுக்கு உட்காரும் முன் இரண்டு முறை கை கழுவுவேன்.

ஆபீசுக்கு எதிரே ஒரு திடல். அங்கே மாதத்துக்கு இரண்டு கூட்டமாவது நடக்கும். இங்கிலீஷை விரட்டிவிட்டோம், இனி மக்கள் மொழியில்தான் ஆட்சி என்று ஒலிபெருக்கி முழங்கும். சின்னப் பெண்ணான எனக்கு அதைக் கேட்டுப் புல்லரித்தது உண்மை. தமிழில் எழுதத்தானே என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பழைய இங்கிலீஷ் கடிதத்தின் எலும்பை அப்படியே வைத்து, மேலே தமிழ்த் தோலைப் போர்த்தியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஆகவே மிராசுதார்கள், அவன் குத்தகைக்காரனே இல்லை, எங்கள் பண்ணையாள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கிராமங்களில் சிவப்புக் கொடி ஒரு பக்கம், பண்ணை ஏஜெண்டுகளின் ஆட்கள் ஒரு பக்கம். வரப்பு வெட்டியதற்கெல்லாம் மண்டை உடைந்தது. அந்த நேரத்தில் ஒருவர் தனியாக வந்து மனுக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

நான் சொல்லுகிறவர் அப்படி வந்தவர். நாற்பது வயதிருக்கும். அவர் ஊரில் இன்னும் பத்துப் பேருக்கு அதே நிலைமைதான், ஆனால் அவர் ஒருவர்தான் வந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த நாலு மாவை உழுது, அறுவடைக்கு அறுவடை பண்ணைக்குக் குத்தகை நெல் அளக்கிறார்கள். மனுவை வாங்கத் தலைமை எழுத்தர் அவரைக் காலையிலிருந்து மதியம் வரை வராந்தாவில் நிற்க வைத்தார். நிற்கிற நேரத்தில் அவர் சுவரில் ஒட்டியிருந்த சிறுசேமிப்பு விளம்பரத்தை விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, மெதுவாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பக்கத்தில் ஒட்டியிருந்த அம்மை ஊசி விளம்பரத்துக்குப் போனார். என் ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

ஆக, படிக்கப்போகிறவர் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்கு அறிவிப்பு எழுதுவது என் வேலையாக வந்தபோது, நான் எந்தப் பாடத்திட்டமும் இல்லாமலே யோசித்துத்தான் எழுதினேன். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன? எந்த நாள், எத்தனை மணி, எங்கே, என்ன கொண்டுவர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும். இவ்வளவுதான். முதலில் எழுதியது எட்டு வரி வந்தது. அதையும் குறைத்தேன்.

‘உங்கள் மனுவை வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கிறோம். நீங்கள் நேரில் வாருங்கள். நெல் அளந்ததற்குச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். சீட்டு இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரர் இருவரைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் வராவிட்டால் நிலம் உங்கள் பெயரில் பதிவாகாது.’

புதன்கிழமைக்குப் பக்கத்தில் தேதியும் போட்டிருந்தேன். தண்ணீர் கொண்டுவரும் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டார்.

“இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க பாப்போம்” என்றேன்.

“புதன்கெழமை பத்து மணிக்கு வரணும். சீட்டு இல்லேன்னா ரெண்டு ஆளக் கூட்டியாரணும். இதுல என்னம்மா இருக்கு?” என்றார்.

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வரைவைக் கொண்டுபோய்த் தலைமை எழுத்தரின் மேசையில் வைத்தேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மேலே போகும் எந்த வரைவும் திருத்தப்படாமல் திரும்பி வரக்கூடாது. திருத்தாவிட்டால் மேலே இருப்பவர் படிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும், அல்லது கீழே இருப்பவன் தன்னளவுக்கு எழுதுகிறான் என்று ஆகிவிடும். தலைமை எழுத்தர் சிவப்பில் ஏதாவது செய்ய வேண்டும், தாசில்தார் பச்சையில் ஏதாவது செய்ய வேண்டும். என் ஐந்து வரியில் கை வைக்க இடம் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சல் என்று நினைக்கிறேன்.

“என்னம்மா இது? ஆபீஸ் காயிதமா, சம்பந்தி வீட்டுக்கு எழுதுற லெட்டரா? ‘வாருங்கள்’னு எழுதியிருக்கே. தாசில்தார் என்ன, வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறாரா?”

மற்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

“படிக்கிறவருக்குப் புரியணுமே சார்” என்றேன்.

“எல்லாருக்கும் புரிஞ்சுட்டா ஆபீஸுக்கு என்னம்மா மரியாதை இருக்கு? நாளைக்கு இது கோர்ட்டுக்குப் போனா வக்கீல் என்ன கேப்பான்? எந்தச் செயல்முறைப்படி கூப்பிட்டே, எந்த அறிவுரைப்படி கூப்பிட்டேன்னு கேப்பான். பார்வை எங்க? பார்வை போடு.”

பார்வை என்றால், கடிதத்தின் தலையில் வரிசையாகப் போடும் பழைய கோப்பு எண்களும் தேதிகளும். மூன்று பார்வை போட வைத்தார். இரண்டாவது பார்வையில், விசாரணைக்கு நாள் குறித்த எங்கள் அலுவலகச் செயல்முறை ஆணையின் எண்ணோடு விசாரணைத் தேதியும் வந்தது. உடனே அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, கீழே நான் எழுதியிருந்த புதன்கிழமையையும் தேதியையும் ஒரே கோடாக அடித்தார்.

“மேலே இருக்குல்ல? மறுபடி எதுக்கு? கூறியது கூறல்” என்றார். தமிழ்ப் பண்டிதர் என்ற நினைப்பு அவருக்கு.

சாட்சிக்கு ஆள் அழைத்து வரச் சொன்ன வரியை, யோசனை சொல்லிக்கொடுப்பது நம் வேலை இல்லை என்று அடித்தார். பிறகு தாசில்தாரிடம் போனது. என் ‘வராவிட்டால்’ என்பதைத் தலைமை எழுத்தர் ‘தோன்றாவிடில்’ ஆக்கியிருந்தார்; தாசில்தார் அதைப் பச்சை மையில் ‘தோன்றத் தவறும் பட்சத்தில்’ என்று மாற்றினார். அதற்கு அரை நாள். கடைசியில் டைப் ஆகி வந்தது இது:

‘பார்வை 1-இல் காணும் மனுவின் பேரில், பார்வை 3-இல் காணும் அறிவுரைகளுக்கு இணங்க, மேற்படி கிராமத்தில் மேற்படி நிலத்தைப் பொறுத்து மேற்படி மனுதாரர் கோரும் பதிவு குறித்து, எதிர்மனுதாரரின் ஆட்சேபணை ஏதும் இருப்பின் அதனையும் கருத்திற்கொண்டு ஆய்வு செய்யும் பொருட்டு, மேற்படியார் தத்தம் ஆதாரங்களுடன் பார்வை 2-இல் கண்ட நாளன்று கீழே கையொப்பமிட்டுள்ளவர் முன்னிலையில் தோன்றத் தவறும் பட்சத்தில், கோப்பில் உள்ள ஆவணங்களின் அடிப்படையில் தக்க ஆணை பிறப்பிக்கப்படும் என இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது.’

வா என்ற சொல்லே அதில் இல்லை. தண்ணீர் அம்மாவிடம் இதையும் வாசித்துக் காட்டினேன். “யாரு மேலம்மா கேஸு?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

தலைமை எழுத்தர் லஞ்சம் வாங்கிக்கொண்டு இதைச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அயோக்கியன் என்று திட்டிவிட்டுப் போகலாம். அவர் யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கவில்லை. மிராசுதாருக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று செய்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

உறையை ஒட்டுவதற்கு முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் புதன்கிழமை பத்து மணி என்று எழுதி உள்ளே செருகிவிடலாமா என்று யோசித்தேன். எழுதக்கூட எழுதினேன். வேலை அப்போது எனக்கு நிரந்தரம் ஆகவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் அதைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, மைதாப் பசை தடவி, உறையை ஒட்டினேன்.

புதன்கிழமை வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். மிராசுதாரின் ஏஜெண்டு ஒன்பதரைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை. பத்து மணிக்கு டபேதார் வராந்தாவில் நின்று மனுதாரரின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிடுவது முறை. பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தேன். சைக்கிள்கள் போயின, ஒரு மாட்டுவண்டி போனது. மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அவர் எங்கள் பண்ணையாள்தான் என்று ஏஜெண்டு கொடுத்த வாக்குமூலம் கோப்பில் ஏறியது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

எட்டு நாள் கழித்து அவர் வந்தார். கடிதத்தைக் கசங்காமல் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். தலைமை எழுத்தர் அன்றைக்கு லீவு. என் ஜன்னலுக்கு வந்தார்.

“அம்மா, விசாரண முடிஞ்சிடுச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. என்னக் கூப்பிடவே இல்லையே?”

“கூப்பிட்டுத்தானேங்க கடிதம் வந்துது?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கடிதத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் விரித்தார்.

“இதுவாம்மா? மூணு நாள் படிச்சேம்மா. ஒவ்வொரு எழுத்தாத்தான் படிச்சேன். மேல மூணு தேதி இருக்கு, எது எதுக்குன்னு தெரியல. அப்புறம் நெலத்து விஷயமாச்சே, தப்பாப் படிச்சுட்டா வம்பாச்சேன்னு, ஏஜெண்டு ஐயாகிட்டயே கொண்டுபோயிக் காட்டுனேன். எங்க ஊருல இந்த மாதிரிக் காயிதம் படிக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்.”

“என்ன சொன்னாரு?”

“ஒம் மனு வந்து சேந்துச்சுன்னு எழுதியிருக்கான், கூப்பிடுறப்ப தனியா எழுதுவான், போயி வேலயப் பாருன்னாரு.”

இந்த மனிதருக்குப் படிக்கத் தெரியும். நாங்கள் கஷ்டப்பட்டுத் திருத்தித் திருத்தி, அவருக்குப் படிக்கத் தெரியாமல் ஆக்கி, அவர் நிலத்தைப் பிடுங்கக் காத்திருந்த ஆளிடமே அவரைப் படிக்கக் கேட்டுப் போக வைத்திருக்கிறோம். ஏஜெண்டு சொன்ன பொய் சின்னது. அதற்கு இடம் செய்து கொடுத்தது நாங்கள்.

விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி அவரிடமே ஒரு மனு எழுதி வாங்கினேன். கோணல்மாணலாக அவரே எழுதினார். ‘கடிதம் புரியவில்லை, ஐயா மன்னித்து இன்னொரு நாள் கொடுக்க வேண்டும்’ என்று இரண்டே வரி. அந்த ஆபீசில் நான் படித்ததிலேயே நல்ல கடிதம் அது. தாசில்தார் அதன்மேல் பச்சையில் ‘நிராகரிக்க’ என்று எழுதி அனுப்பினார். பதில் எழுதும் வேலை மறுபடி என்னிடம் வந்தது.

தலைமை எழுத்தர், “இந்தத் தடவை ஒழுங்கா எழுதிக் கொண்டாம்மா” என்றார்.

உட்கார்ந்து யோசித்தேன். நேராக எழுதுவதென்றால் என்ன எழுத வேண்டும்? நாங்கள் அனுப்பிய கடிதம் உங்களுக்குப் புரியவில்லை. அது எங்கள் குற்றம். ஆனால் நிலம் போனது போனதுதான். இப்படி எழுதிக் கையெழுத்துக்கு வைக்க முடியுமா? அதைவிட, இந்த வரிகளை அவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்குப் புரியக் கூடாது என்று விரும்பினேன். முதல் கடிதத்தைக் கெடுத்தது அவர்கள். இதைக் கெடுத்தது முழுக்க நான்.

பார்வை நாலு போட்டேன். மேற்படி, மேற்கண்ட, மேற்குறித்த என்று எல்லாம் போட்டேன். முதல் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு அவர் தலையாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு கோப்பில் இருந்தது. அதை எடுத்துவைத்துக்கொண்டு இப்படி ஒரு வரி எழுதினேன்: ‘மனுதாரர் கையொப்பமிட அறிந்தவராகையால், அறிவிப்பின் உள்ளடக்கத்தை அறிந்தவராகவே கருதப்படுகிறார்.’

தலைமை எழுத்தர் அந்த வரியில் நின்றார். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, திரும்பவும் அதற்கே வந்தார். சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை.

“இப்பத்தாம்மா கை வந்திருக்கு ஒனக்கு” என்றார்.

அந்தப் பாராட்டு எனக்குள் ஒரு நொடி இனித்தது. அதை இன்று ஒத்துக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தாசில்தாரும் பச்சையில் கை வைக்கவில்லை. அந்த ஆபீசில் திருத்தம் இல்லாமல் போன முதல் வரைவு என்னுடையது.

நடவு முடிந்த சமயம். அவர் மறுபடி வந்தார். இந்த முறை வராந்தாவில் நின்று எந்த விளம்பரத்தையும் படிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து உறையை நீட்டினார். பிரிக்கவே இல்லை.

“நீங்களே படிச்சுச் சொல்லிடுங்கம்மா. இந்தத் தடவ ஏஜெண்டுகிட்ட போகல. நீங்க நல்லவங்க, உள்ளத உள்ளபடி சொல்லுவீங்க.”

பிரித்தேன். நான் எழுதியதுதான், எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனாலும் அவருக்குச் சொல்வதற்கு அதில் ஒரு வரி தேடினேன். மேலிருந்து கீழே வரை தேடினேன். நிலம் என்ன ஆனது என்று சொல்லும் வரி அதில் எங்கும் இல்லை. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாயால்தான் சொன்னேன்.

“நிலம் உங்க பேர்ல ஏறலைங்க. இனிமே ஏறாது.”

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஏஜெண்டு வேறு ஆட்களை விட்டு அந்த நாலு மாவில் நட்டுவிட்டான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

“இவ்வளவுதானாம்மா?” என்றார். “இத இப்படியே எழுதியிருந்தா நானே படிச்சிருப்பேனே.”

கடிதத்தை எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை. சாயங்காலம் தலைமை எழுத்தர் அதை என் மேசையில் பார்த்துவிட்டு, வந்த தபாலில் பதிந்து கோப்பில் சேர்க்கச் சொன்னார். முத்திரை குத்தி, எண் போட்டு, சேர்த்தேன்.